முகப்பரு மருத்துவ முறைகள்: ஓர் ஒப்பீட்டு வரலாறு (பிம்பிரி – சாங்வி வட்டாரத்தை முன்வைத்து)

முன்னுரை

மகாராட்டிர மாநிலம் புனே நகரை ஒட்டி, பவனா ஆறும் முளா ஆறும் கூடுமிடத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் சாங்வி. பழைய சாங்வி, புதிய சாங்வி என இரு பகுதிகளாக வழங்கும் இவ்வூர் இன்று பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். பவனா ஆறு சாங்வியை வந்தடையுமுன் பிம்பிரியைக் கடந்து வருகின்றது. இந்தியாவின் முதல் அரசுத்துறை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துத் தொழிற்சாலை அப்பிம்பிரியில்தான் நிறுவப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இளைஞர்தம் முகப்பருவிற்கு மருத்துவர்கள் பெரிதும் நம்பிய மருந்துகள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளே. எனவே முகப்பரு மருத்துவத்தின் வரலாற்றை ஆராய்வதற்கு இவ்வட்டாரம் தக்கதொரு நிலைக்களனாக அமைகின்றது.

முகப்பரு உயிரைக் கொல்லும் நோயன்று. ஆயினும் 12 முதல் 24 வயது வரையிலான இளையோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரை இது ஏதேனும் ஓரளவில் பற்றுகிறது என்பர். முகம் பிறர் கண்ணில் முதலிற்படும் உறுப்பாதலின், தழும்பும் கருமையும் உள்ளத்தையும் தாக்குகின்றன. இந்நோய்க்குக் காலந்தோறும் கையாளப்பெற்ற மருத்துவ முறைகளையும், அவை எங்ஙனம் ஒன்றோடொன்று ஒப்பிடப்பெற்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்து முதலில் முகத்திற்கு வந்தது. ஒப்பீடு பின்னரே வந்தது. இடைப்பட்ட காலத்தின் விலையை நோயாளிகளே கொடுத்தனர் என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. பெயரும் நோக்கும்

‘பரு’ என்னும் பெயர், பருத்தல் என்னும் வினையோடு தொடர்புடையது. புடைத்துத் தோன்றும் தோற்றத்தால் அமைந்த பெயர் அது. முகத்தில் தோன்றுவது முகப்பரு என இடத்தாற் பெயர்பெற்றது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை ‘யௌவனபிடகா’ என்றும் ‘முகதூஷிகா’ என்றும் குறிக்கின்றன. முன்னது பருவம் பற்றிய பெயர். பின்னது முகத்தைக் கெடுப்பது எனப் பயன் பற்றிய பெயர். சாங்வி வட்டாரத்து மராட்டியில் எழுத்து வழக்கில் ‘தாருண்யபிடிகா’ என்றும் பேச்சு வழக்கில் ‘முரும்’ என்றும் இது வழங்குகிறது.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், தோற்றம், இடம், வயது, விளைவு ஆகிய நான்கனுள் ஒன்றைக் கொண்டே இந்நோய் அடையாளம் காணப்பட்டமை விளங்கும். நோயின் காரணம் எப்பெயரிலும் இடம்பெறவில்லை. வயதோடு வந்து வயதோடு போகும் நோய் என்னும் எண்ணமே மக்களிடையே நிலைபெற்றிருந்தது. ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’, ‘உடம்புச் சூடு’ என்னும் வழக்குகளும் இவ்வெண்ணத்தின் வெளிப்பாடுகளே. இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. பெரும்பாலோர்க்கு இருபது வயதிற்குப் பின்னர்ப் பரு தானே குறைகின்றது. இவ்வுண்மையே பின்னாளில் மருந்துகளை ஒப்பிடுவதில் பெருந்தடையாக நின்றது என்பது மேலே விளக்கப்பெறும்.

இக்கால மருத்துவம் பருவிற்கு நான்கு காரணங்களைக் கூறுகின்றது. பருவமெய்துங்கால் மிகும் ஆண்மைச் சுரப்புநீர்களால் தோலின் நெய்ச்சுரப்பிகள் மிகுதியாகச் சுரத்தல் முதலாவது. மயிர்க்காலின் வாயில் தோலணுக்கள் திரண்டு அடைத்துக்கொள்ளுதல் இரண்டாவது. அடைபட்ட நெய்யில் ஒருவகைப் பாக்டீரியா பெருகுதல் மூன்றாவது. இவற்றைச் சூழ்ந்து அழற்சி உண்டாதல் நான்காவது. முன்னர்ப் ‘புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னீஸ்’ எனப்பட்ட அப்பாக்டீரியா 2016 முதல் ‘கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ்’ எனப் பெயர்மாற்றம் பெற்றுள்ளது. எந்த மருந்து இந்நான்கனுள் எதனைத் தாக்குகிறது என்பதே இன்றைய ஒப்பீட்டின் முதல் அளவுகோலாகும்.

2. மரபு மருத்துவம்

சுசுருத சங்கிதை, நிதானத்தானத்துள் சிறுபிணிகள் எனத் தொகுக்கும் பகுதியில் இந்நோயைக் கூறுகின்றது. இளைஞர் முகத்தில் முள்ளிலவ மரத்தின் முட்களைப் போல எழுவன என்பது அந்நூலின் விளக்கம். கபம், வாதம், குருதி ஆகியவற்றின் கேட்டினால் இவை பிறக்கும் என்பது அதன் துணிபு. வாந்தி செய்விக்கும் முறையும், வசம்பு, லோத்திரப் பட்டை, கொத்தமல்லி, கடுகு போன்றவற்றை அரைத்துப் பூசும் முறையும் ஆயுர்வேத மரபில் கூறப்படுகின்றன.

தமிழக வழக்கில் பூச்சு மருந்துகளே மிகுதி. திருநீற்றுப் பச்சிலைச் சாற்றில் வசம்புப் பொடியைக் குழைத்துப் பூசுதல், சங்கினை உரைத்துப் பூசுதல், சாதிக்காயை உரைத்து இடுதல், மஞ்சள், சந்தனம், வேப்பிலை ஆகியவற்றை அரைத்துத் தடவுதல் ஆகியன வீட்டு மருத்துவமாக இன்றும் தொடர்கின்றன. சித்த மருத்துவம் தோல் நோய்களுக்குக் கந்தகத்தைச் சிறப்பாகப் போற்றுவது. ஐரோப்பிய மருத்துவரும் கந்தகக் குழம்புகளைப் பருவிற்கு நெடுங்காலம் பயன்படுத்தினர். தம்முள் தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே பொருளைத் தேர்ந்தமை கருதத்தக்கது. கந்தகம் தோலின் மேற்படையை மெல்ல உரியச் செய்வது. நுண்ணுயிர்களை ஓரளவு ஒடுக்குவது. ஆகவே இத்தேர்வு பட்டறிவின் பயனே எனலாம்.

எனினும் மரபு மருத்துவத்தின் ஒப்பீட்டு முறை தனித்தன்மை வாய்ந்தது. மருந்து மருந்தோடு ஒப்பிடப்படவில்லை. மருந்து நோயாளியின் உடலியல்போடு பொருத்திப் பார்க்கப்பட்டது. ஒருவர்க்கு ஆவது இன்னொருவர்க்கு ஆகாது என்னும் கொள்கை இதன் அடிப்படை. இக்கொள்கை நோயாளியைத் தனித்து நோக்கும் நன்மையுடையது. ஆனால் இரு பூச்சுகளுள் எது பலர்க்குப் பயன்பட்டது என்னும் வினாவிற்கு இதனுள் இடமில்லை. பருவோ தானே தணியும் இயல்பினது. தணிந்த பொழுது கையிலிருந்த பூச்சிற்கே பெருமை சேர்ந்தது. பூச்சுகள் பெருகியமைக்கும் ஒன்றும் கழித்துக்கட்டப்படாமைக்கும் இதுவே காரணமாகலாம்.

3. ஒளிக்கதிரின் கவர்ச்சி

மேலைநாட்டிலும் நிலைமை வேறன்று. 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதும், சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது பருவுள்ள முகங்களின்மேல் பாய்ச்சப்பட்டது. கதிர் பட்ட நெய்ச்சுரப்பிகள் சுருங்கின, பரு அடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை நன்மதிப்புடன் விளங்கிற்று.

இளமையில் தலை, கழுத்துப் பகுதிகளில் கதிர் பெற்றவர்களுக்குப் பல்லாண்டுகள் கழித்துத் தைராய்டுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்னும் எச்சரிக்கை 1950 முதல் எழுந்தது. அதன் பின்னரும் இம்முறை உடனே மறையவில்லை, படிப்படியாகவே கைவிடப்பட்டது. பருவைப் போக்குவதில் எக்ஸ் கதிர் தோற்றது என்று கூறுவதற்கில்லை, அது வென்றது. நோயின் சிறுமைக்கும் மருந்தின் கேட்டிற்கும் இடையே நிறுத்துப் பார்க்கும் ஒப்பீடு நடைபெறாமையே தீங்கிற்குக் காரணமாயிற்று. தீங்கு வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகும் மருந்துகளில் உடனடிப் பயனை மட்டும் ஒப்பிடுதல் போதாது என்பதற்கு இது முதற்சான்றாகும்.

4. மண்ணிலிருந்து பிறந்த மருந்து

பெனிசிலின் வெற்றிக்குப் பின், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடையே புதிய மருந்துகளைத் தேடும் முயற்சி உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்பிற்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்பிற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். இரு மருத்துவ மரபுகளையும் உள்ளிருந்து கண்ட அவர், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, 1940இல் லெடர்லியில் சேர்ந்தார்.

அவ்வாய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர், மிசௌரி நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ‘ஸ்டிரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ்’ என்னும் நுண்ணுயிரினின்றும் ஆரியோமைசின் பிறந்தது. 1948இல் இம்மருந்து உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் முதற்குழந்தை இதுவே. கொடிய தொற்றுநோய்களுக்கென்று தோன்றிய இக்குடும்ப மருந்துகள் 1950களிலேயே பருவிற்கும் கொடுக்கப்பட்டன. 1967இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சிசைக்ளினும் அதனையடுத்து வந்த மினோசைக்ளினும் அவ்வழியே நடந்தன. நுண்ணுயிரைக் கொல்வதோடு அழற்சியையும் தணிக்கும் தன்மை இவற்றிற்குண்டு. பருவில் இவை பயன்பட்டமைக்கு அவ்விரு தன்மைகளும் காரணங்களாகும்.

இந்தியாவில் இவை எளிதிற் கிடைக்கவில்லை. மருந்துகளின் பெரும்பகுதி இறக்குமதியாகவோ வெளிநாட்டு நிறுவனங்களின் உரிமையிலோ இருந்தது. 1959 முதல் அமெரிக்க மேலவையில் மருந்து விலைகளை ஆராய்ந்த கெஃபாவர் குழு, இந்தியாவில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் அடங்கும் எனக் கண்டது. இச்சூழலில் பிம்பிரித் தொழிற்சாலையின் சிறப்புப் புலப்படும். உலகச் சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் ஆகியவற்றின் உதவியுடன் 1954இல் ‘இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ்’ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1955இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. ஸ்டிரெப்டோமைசின் முதலியன பின்தொடர்ந்தன.

உற்பத்தியோடு ஆய்வும் அங்கு நிகழ்ந்தது. பூஞ்சையியலறிஞர் எம். ஜே. திருமலாச்சார் தலைமையிலான ஆய்வாளர்கள் நம் நாட்டு மண்ணிலேயே மருந்து நுண்ணுயிர்களைத் தேடினர். ‘ஸ்டிரெப்டோமைசிஸ் பிம்பிரினா’ என ஊர்ப்பெயரையே தாங்கிய நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கிடைத்தது. ‘ஹா’ என்பது நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டுவது. தோற்பூஞ்சை நோய்களுக்கென டெர்மோஸ்டாட்டின் என்னும் மருந்தும் இவ்வாய்வின் விளைவாக வந்தது. இவை பருவிற்கான மருந்துகள் அல்ல. எனினும் தோல் மருத்துவத்திற்குரிய மருந்தை இந்திய மண்ணிலிருந்தே பெறலாம் என்பதை மெய்ப்பித்தவை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பொருளுக்கன்றிச் செய்முறைக்கே மருந்துத்துறையில் காப்புரிமை வழங்கியமையால், 1972க்குப் பின் உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் மருந்து செய்யலாயின. அருமருந்தாயிருந்தது மலிவுப் பொருளாயிற்று.

இம்மலிவு ஏழைக்கு வாழ்வளித்தது. அதே மலிவு, தேவையற்ற இடத்திலும் திங்கள் கணக்கில் இம்மருந்துகளை உண்ணும் வழக்கத்திற்கும் வழிசெய்தது. நிமோனியாவிற்குச் சில நாட்கள் கொடுக்கப்படும் மருந்து, பருவிற்குப் பல திங்கள்கள் கொடுக்கப்பட்டது. 1979இல் எரித்ரோமைசின், கிளின்டாமைசின் ஆகிய பூச்சுகளுக்கு அடங்காத பருப் பாக்டீரியா அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன்பின் பல நாடுகளிலும் இவ்வெதிர்ப்பு வளர்ந்தது. முகத்திலுள்ள பாக்டீரியா மட்டுமன்றி, உடலில் வாழும் பிற நுண்ணுயிர்களும் நெடுநாள் மருந்தால் எதிர்ப்புப் பெறுகின்றன. ஆகவே ஒருவர் முகத்திற்குச் செய்யும் மருத்துவம் ஊரார் உயிர்காக்கும் மருந்தின் ஆற்றலைக் குறைக்கக்கூடும்.

5. உயிர்ச்சத்தின் வழிவந்த மருந்துகள்

உயிர்ச்சத்து அ-வின் வழிப்பொருளான டிரெட்டினாயின், மயிர்க்காலின் அடைப்பை நீக்கும் ஆற்றலுடையது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் கிளிக்மன் 1969இல் இதன் பயனை வெளியிட்டார். 1971இல் அமெரிக்காவில் இது ஒப்புதல் பெற்றது. அடைப்பே பருவின் கருவாதலின், வேரைத் தாக்கும் மருந்து எனத்தக்கது இது. ஆனால் இதன் வரலாறு களங்கமுடையது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலின்மேல் கிளிக்மன் நடத்திய ஆய்வுகள், அவர்தம் வறுமையையும் சிறைப்பட்ட நிலையையும் பயன்படுத்திக் கொண்டவை. அக்கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பென்சில்வேனியா மருத்துவப் பள்ளி 2021இலும் ஃபிலடெல்ஃபியா நகர ஆட்சி 2022இலும் இதற்காக மன்னிப்புக் கோரின.

இக்குடும்பத்தின் மிக வலிய மருந்து ஐசோடிரெட்டினாயின். 1979இல் கேரி பெக்கும் உடனாய்வாளரும், பிற மருந்துகளுக்கு அடங்காத கடும் பருவுடைய 14 பேருக்கு இதனைக் கொடுத்து, 13 பேருக்குப் பரு முற்றும் நீங்கியதை அறிவித்தனர். 1982இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நெய்ச்சுரப்பைப் பெரிதும் குறைத்து, நான்கு காரணங்களையும் தாக்கும் தனி மருந்து இதுவேயாம். நிறுத்திய பின்னும் நலம் நீடிப்பது இதன் சிறப்பு. கருவுற்ற பெண் இதனை உண்டால் குழந்தையின் தலை, முகம், இதயம், மூளை ஆகியன கடுமையாகக் கெடும் என்பது 1985ஆம் ஆண்டு ஆய்வில் விரிவாக வெளிப்பட்டது. விலங்காய்வுகளில் இத்தீங்கு முன்னரே அறியப்பட்டிருந்தும், மருந்து சந்தைக்கு வந்த பின்னர்க் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறந்தன. 2006இல்தான் அமெரிக்காவில் மருத்துவர், நோயாளி, மருந்தகத்தார் யாவரையும் பதிவு செய்யும் கட்டாயத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மருந்திற்கும் முழுமையான காப்பிற்கும் இடைப்பட்ட காலம் 24 ஆண்டுகள்.

6. ஒப்பீட்டின் வரவு

உணவு பற்றிய ஆய்வொன்று, ஒப்பீடு எங்ஙனம் தவறக்கூடும் என்பதைக் காட்டும். 1969இல் கிளிக்மன் உள்ளிட்ட மூவர், 65 பேருக்குச் சாக்லேட்டுக் கட்டியையும் சாக்லேட்டில்லாக் கட்டியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பருக்களை எண்ணினர். வேறுபாடில்லை எனக் கண்டனர். உணவிற்கும் பருவிற்கும் தொடர்பில்லை என்னும் முடிவு நூல்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. ஆனால் சாக்லேட்டில்லாக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதேயளவில் இருந்தன. இரண்டும் ஒன்றாயிருப்பின் வேறுபாடு எங்ஙனம் தோன்றும்? குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவு பருவைக் குறைக்கக்கூடும் என்பதற்கு 2007க்குப் பின் சில சான்றுகள் கிடைத்துள்ளன. எதனோடு எதனை ஒப்பிடுகிறோம் என்பதே ஒப்பீட்டின் உயிர் என்பது இதனால் பெறப்படும்.

பருவிற்கான மருந்துகளை நேர்நேராக ஒப்பிட்ட பெரும் ஆய்வு 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பிரித்தானியாவில் மிதமான முகப்பருவுடைய 649 பேர் குருட்டுத்தேர்வு முறையில் ஐந்து பிரிவினராகப் பகுக்கப்பட்டு 18 வாரங்கள் மருத்துவம் பெற்றனர். குறிப்பிடத்தக்க முன்னேற்றமடைந்தோர், உண்ணும் ஆக்சிடெட்ராசைக்ளின் பெற்றோருள் 55 விழுக்காடு. மினோசைக்ளின் பெற்றோருள் 54 விழுக்காடு. பென்சாயில் பெராக்சைடு மட்டும் பூசினோருள் 60 விழுக்காடு. அதனோடு எரித்ரோமைசின் கலந்த பூச்சினைப் பெற்றோருள் 66 விழுக்காடு. அவ்விரண்டையும் தனித்தனியே பூசினோருள் 63 விழுக்காடு. பாக்டீரியாவின் எதிர்ப்பாற்றல் மிக்கோரிடம் டெட்ராசைக்ளின்களின் பயன் குறைந்தது. பென்சாயில் பெராக்சைட்டின் பயன் குறையவில்லை.

இம்முடிவின் பொருளை உணர்தல் வேண்டும். பென்சாயில் பெராக்சைடு மலிவானது, பழையது, ஆக்சிசனை வெளியிட்டுப் பாக்டீரியாவை அழிப்பதாதலின் எதிர்ப்பாற்றலுக்கு இடந்தராதது. அரை நூற்றாண்டுக் காலம் இளைஞர் விழுங்கிய மாத்திரைகளுக்கு இப்பூச்சு நிகராக நின்றது. மாத்திரைகள் வழக்கிற்கு வந்த 1950களிலேயே இத்தகைய ஒப்பீடு நிகழ்ந்திருப்பின், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் பயன்பாடு இத்துறையில் இத்துணை பெருகியிராது எனக் கருதலாம்.

2023இல் வெளிவந்த மற்றொரு பிரித்தானிய ஆய்வு, 410 பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் பகுத்தளித்தது. இரு பிரிவினரும் தாம் பூசிவந்த மருந்துகளைத் தொடரலாம். 24 வாரங்களின் முடிவில் பரு குறைந்ததாகக் கூறியோர் மருந்துண்டோருள் 82 விழுக்காட்டினர். வெற்று மாத்திரை உண்டோருள் 63 விழுக்காட்டினர். மருந்தின் பயன் உண்மையே. அதனினும் கருதத்தக்கது பின்னைய எண்ணாகும். மருந்துச் சரக்கே இல்லாத மாத்திரையை உண்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் நலம் கண்டதாகக் கூறினர். எந்தப் பூச்சும் எந்தப் பொடியும் பலரால் புகழப்படுவதன் மறைபொருள் இதனால் விளங்கும். இங்கு ‘வெற்று மருந்து’ என்னும் தொடர் ஆளப்படுவதற்குக் காரணமுண்டு. ‘போலி மருந்து’ எனின் ஏமாற்றும் சரக்கு எனப் பொருள்படும். ஆய்விற்கெனச் சரக்கின்றிச் செய்யப்பட்டதனைக் குறிக்க வேறுசொல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு பேணப்படுதல் நன்று.

7. இந்திய முகமும் கலவைப் பசைகளும்

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலினரிடம் நிகழ்ந்தவை. நம் நாட்டவர் தோலில் பரு ஆறிய இடத்தில் கருமை தங்கித் திங்கள் கணக்கில் நிற்பது இயல்பு. ஆகவே நம்மவர் பருவைவிடக் கருமைக்கே மிகுதியும் அஞ்சுகின்றனர். 1975இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ போன்ற பசைகள் வளர்த்த நிற வேட்கை இவ்வச்சத்தைப் பெருக்கிற்று. அதே 1975இல் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த நிறநீக்கக் கலவையை வெளியிட்டார். அதன் வழிவந்த மும்மைக் கலவைகள் இந்திய மருந்துக் கடைகளில் சீட்டின்றியே விற்கப்பட்டன. அக்கம்பக்கத்தார், தோழியர், கடைக்காரர் ஆகியோர் கூற்றே இவற்றிற்குப் பரிந்துரையாயிற்று.

ஸ்டீராய்டு முதல் வாரத்தில் சிவப்பைத் தணித்து முகத்தைத் தெளிவாக்கும். தொடர்ந்து பூசின் தோல் மெலியும். குருதி நுண்குழல்கள் வெளித்தோன்றும். புதிய பரு எழும். நிறுத்தினால் எரிச்சல் மிகும். மீண்டும் அதனையே நாடச்செய்யும். இந்தியாவின் 12 மையங்களில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேருள் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தமை அறியப்பட்டது. தோல் மருத்துவர் சங்கத்தின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின், 2018 மார்ச்சில் நடுவணரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டுடனேயே விற்கவேண்டிய ‘எச்’ பட்டியலில் சேர்த்தது. விதி வந்தபோதிலும் அதனை மீறும் விற்பனை நாட்டில் முற்றும் ஒழியவில்லை. முதல் வாரத் தெளிவையும் ஆறாம் திங்கள் கேட்டையும் அருகருகே வைத்துக் காட்டுவார் இல்லாமையே இதன் வேர்.

8. முறைகளின் ஒப்பீடு

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில் இன்றைய மருத்துவ உலகு ஏற்கும் நிலைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

மிதமான பருவிற்குப் பென்சாயில் பெராக்சைடும், டிரெட்டினாயின் அல்லது அடாபலீன் போன்ற அடைப்பு நீக்கும் பூச்சும் முதல் வரிசையின. முன்னது துணியை வெளுக்கும். இரண்டும் தொடக்கத்தில் தோலை உலர்த்தி எரிச்சலூட்டும். பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பலர் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டு வேறு பூச்சை நாடுவதே தோல்விக்கு முதற்காரணம்.

அழற்சி மிக்க பருவிற்கு டாக்சிசைக்ளின் போன்றவை பூச்சுகளுடன் சேர்த்தே, ஏறத்தாழ மூன்று திங்கள் அளவிற்குள் கொடுக்கத்தக்கன. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தனித்துக் கொடுத்தலாகாது என்பது பிரித்தானியாவின் 2021ஆம் ஆண்டு நெறிமுறையும் வற்புறுத்தும் கொள்கை. கருவுற்றோர்க்கும் எட்டு வயதிற்குட்பட்டோர்க்கும் டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள் விலக்கப்படுகின்றன.

பெண்களுக்குச் சுரப்புநீர் வழி மருந்துகள் தனியொரு வழியாகும். தழும்பிடும் கடும் பருவிற்கும் பிற மருந்துகளுக்கு அடங்காத பருவிற்கும் ஐசோடிரெட்டினாயின் உரியது. குருதி ஆய்வும், பெண்களுக்குக் கருத்தடைக் காப்பும், மருத்துவர் மேற்பார்வையும் இதற்கு இன்றியமையாதன. மரபுப் பூச்சுகளுள் பல தீங்கற்றன. எனினும் அவற்றின் பயனை மேற்கண்ட மருந்துகளோடு பெரிய அளவில் நேர்நேராக ஒப்பிடும் பணி நம் நாட்டவர் ஆற்றவேண்டிய கடனாகும்.

முடிவுரை

முகப்பருவின் மருத்துவ வரலாற்றில் எக்ஸ் கதிர், டெட்ராசைக்ளின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் பிற நோக்கிற்கென வந்து முகத்திற்குத் திருப்பப்பட்டவை. மூன்றும் முதலில் வென்றன. முதலதன் தீங்கு பல்லாண்டு கழித்தும், இரண்டாவதன் குறை பாக்டீரியாவின் எதிர்ப்பாலும், மூன்றாவதன் கேடு மெலிந்த தோலிலும் வெளிப்பட்டது. கைதிகளும், கருவிலிருந்த குழந்தைகளும், நிறம் வேண்டிய இளம்பெண்களும் ஒப்பீடு காலந்தாழ்ந்தமையின் விலையைக் கொடுத்தனர்.

சென்னையில் பயின்ற ஒருவர் தலைமையில் பிறந்த மருந்துக் குடும்பமும், பவனா ஆற்றங்கரையில் எழுந்த தொழிற்சாலையும் இந்தியர்க்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை எட்டச் செய்யும் வரலாற்றில் இடம்பெற்றன. எட்டச் செய்தல் அன்றைய தேவை. அளவறிந்து பயன்படுத்தல் இன்றைய தேவை. ‘எது நல்ல மருந்து?’ என்னும் வினாவோடு, ‘எதனினும் நல்லது, யாருக்கு, எத்துணை நாளைக்கு, என்ன விலை கொடுத்து?’ என்னும் வினாக்களும் தமிழில் எளிதிற் கேட்கப்படல் வேண்டும். அதற்குரிய சொல்லையும் நடையையும் உருவாக்கித் தருதல் தமிழ்த்துறைகளும் மருத்துவத் துறைகளும் கூடி ஆற்றத்தக்க பணியாகும்.